ஷவல் நைட் கட்டுரையை மூன்று பேர் சேர்ந்து எழுதுவது எப்படி

"ஷவல் நைட் ஒரு 8-பிட் கேம்." தமிழ் விக்கிப்பீடியாவில் இந்த கேமுக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் கை தானாக எழுதிவிடும் முதல் வரி இது. இந்த வரி தவறு. இதைச் சரிசெய்யச் சான்று வேண்டும், பொருத்தமான தமிழ்ச் சொல் வேண்டும், சேர்ந்து எழுதுகிறவர்களுக்குள் உடன்பாடு வேண்டும். மீதிக் கட்டுரைக்கும் வேண்டியவை அதே மூன்றுதான். அதனால் வேலையை இந்த வரியிலிருந்தே தொடங்குவது நல்லது.

ஷவல் நைட் 2014 ஜூன் 26 அன்று வட அமெரிக்காவில் நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ, விண்டோஸ் ஆகியவற்றுக்கு வெளியானது. உருவாக்கியது கலிபோர்னியாவைச் சேர்ந்த யாட் கிளப் கேம்ஸ். பார்ப்பதற்கு 1980களின் என்.இ.எஸ். கேம் போலவே இருக்கும். நம் ஊரில் டிவியோடு இணைத்துக் கேசட் மாற்றி மாற்றி ஆடிய பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அந்த ஃபேமிகாமின் அமெரிக்க வடிவம்தான் என்.இ.எஸ். ஆகவே இதன் திரைக்காட்சியைப் பார்க்கும் தமிழ் வாசகர் "அந்தக் காலத்து கேம்" என்றே நினைப்பார். கட்டுரை அந்த நினைப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது.

எது பழையது, எது புதியது என்று எண்களில் பார்த்தால் தெளிவாகிவிடும். என்.இ.எஸ். திரை 256×240 படவணுக்கள் (பிக்சல்கள்). ஷவல் நைட்டின் திரை 400×240. உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் இன்றைய திரைக்கேற்ப நீண்டிருக்கிறது. ஸ்பிரைட் என்பது திரையில் நகரும் சிறு உருவம். என்.இ.எஸ். ஒரு கிடைவரியில் 8 ஸ்பிரைட்டுக்கு மேல் வரையாது. ஒன்பதாவது வந்தால் அது காணாமல் போகும். அதைச் சமாளிக்கப் பழைய கேம்கள் ஸ்பிரைட்டுகளை முறைவைத்துக் காட்டும். எதிரிகள் கூடும் இடத்தில் திரை மினுமினுப்பது அதனால்தான். ஷவல் நைட்டில் அந்த மினுமினுப்பு இல்லை. பின்னணி பல அடுக்குகளாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் நகர்கிறது. வண்ணங்கள் என்.இ.எஸ். வண்ணத்தட்டிலிருந்து எடுத்தவை, ஆனால் அந்தத் தட்டில் இல்லாத சில வண்ணங்களையும் சேர்த்திருக்கிறார்கள்.

இசைதான் வன்பொருளுக்கு மிக நெருக்கமாக நிற்பது. ஜேக் காஃப்மன் இதை ஃபேமிட்ராக்கர் என்ற மென்பொருளில், கோனாமியின் விஆர்சி6 சில்லைக் கணக்கில் வைத்து அமைத்தார். ஃபேமிகாமில் இயல்பாக 5 ஒலித்தடங்கள் உண்டு: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு பதிவொலி. விஆர்சி6 அவற்றோடு இரண்டு சதுர அலையையும் ஒரு ரம்பப்பல் அலையையும் சேர்க்கும். கேசட்டுக்குள் இருக்கும் சில்லின் ஒலியைத் தன் ஒலியோடு கலக்கும் வழி ஃபேமிகாமில் இருந்தது. அமெரிக்க என்.இ.எஸ்.ஸின் கேசட் இணைப்பில் அது இல்லை. ஆக "என்.இ.எஸ். இசை" என்று எழுதுவதும் முழு உண்மையாகாது. "ஃபேமிகாம் வன்பொருளின் வரம்புக்குள் அமைத்த இசை" என்பதே சரி. இரண்டு பாடல்களை 1987இன் முதல் மெகா மேனுக்கு இசையமைத்த மனாமி மட்சுமாயே தந்திருக்கிறார். இதையும் அதே பத்தியில் சேர்த்தால் பழைய மரபோடு உள்ள தொடர்பு தானாக விளங்கும்.

திரை, வண்ணம், ஸ்பிரைட் பற்றிய தகவலுக்கு ஆதாரம், கேமின் நிரலாளர் டேவிட் டி'ஏஞ்சலோ 2014இல் கேமசூத்ரா தளத்தில் எழுதிய கட்டுரை. உருவாக்கியவரே எழுதியது என்பதால் "எப்படிச் செய்தார்கள்" என்பதற்கு அது போதும். "எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது" என்பதற்கு அதைக் காட்டக் கூடாது. அதற்கு வெளியார் விமர்சனம் வேண்டும். திருத்திய முதல் வரி இப்படி நிற்கும்: "ஷவல் நைட் என்பது என்.இ.எஸ். காலத்து 8-பிட் ஆட்டங்களின் தோற்றத்தையும் ஒலியையும் பின்பற்றி யாட் கிளப் கேம்ஸ் உருவாக்கி 2014இல் வெளியிட்ட நிகழ்பட ஆட்டம்." இதில் "பின்பற்றி" என்ற சொல்லை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையைப் பிரித்தல்

இந்த அளவுக் கட்டுரைக்கு மூன்று பேர் போதும். வழக்கமாகக் கதை ஒருவருக்கு, உருவாக்கம் ஒருவருக்கு, வரவேற்பு ஒருவருக்கு என்று தலைப்பு வாரியாகப் பிரிப்பார்கள். அதைவிடச் சான்றுகளைப் பிரித்துக்கொள்வது மேல். ஒரு சான்றை முழுதாகப் படித்தவரே அதிலிருந்து கட்டுரைக்கு வரும் எல்லாத் தகவலையும் எழுதட்டும், அது எந்தத் தலைப்பின் கீழ் போனாலும் சரி. டி'ஏஞ்சலோவின் கட்டுரையை ஒருவர் படித்து, மற்றொருவர் கேட்டு எழுதினால், "சில வண்ணங்களைச் சேர்த்தார்கள்" என்பது இரண்டாம் கையில் "வண்ண வரம்பே இல்லை" என்று மாறிவிடும்.

வரைவு எங்கே இருக்க வேண்டும்? ஒருவரின் மணல்தொட்டியில், அதாவது அவரது பயிற்சிப் பக்கத்தில், ஒரே வரைவாக. மூன்று பேரும் தத்தம் மணல்தொட்டியில் எழுதிக் கடைசியில் வெட்டி ஒட்டினால் இரண்டு கேடு. முதலாவது, யார் எதை எழுதினார் என்ற வரலாறு அழிந்துவிடும். விக்கிப்பீடியாவின் உரிமம் எழுதியவருக்கு உரிய பெயரைத் தரக் கேட்கிறது. பக்க வரலாறுதான் அந்தப் பெயர்ப் பட்டியல். ஒரே வரைவாக இருந்தால் முடிந்ததும் "நகர்த்து" வசதியால் பெயர்வெளிக்கு, அதாவது கட்டுரைகள் இருக்கும் இடத்துக்கு, கொண்டுபோகலாம், வரலாறும் கூடவே வரும். இரண்டாவது கேடு மேற்கோள்களில் வருவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே வரைவில் மூன்று பேர் கைவைத்தால் தொகுப்பு முரண்பாடு வரும். அது எப்போது வரும், எப்போது வராது என்று தெரிந்துகொண்டால் பாதி தொல்லை போய்விடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்தால் விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி இரண்டையும் தானாக இணைக்கப் பார்க்கும். இணைப்பது வரி வரியாக. விக்கி மூலத்தில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரி. ஆகவே ஒரு பத்தியின் முதல் வாக்கியத்தை ஒருவரும் கடைசி வாக்கியத்தை இன்னொருவரும் திருத்தினால் மென்பொருளுக்கு அது ஒரே வரியில் நடந்த மோதல். பக்கத்துப் பக்கத்து வரிகளைத் தொட்டாலும் மோதும். இதற்கு மூன்று கை வைத்தியம் உண்டு. பத்திகளைச் சிறிதாக வையுங்கள், நாலைந்து வாக்கியம் போதும். முழுப் பக்கத்தைத் திறக்காமல் தலைப்புக்கு அருகிலுள்ள தொகு இணைப்பை அழுத்தி அந்தப் பகுதியை மட்டும் திறங்கள். கட்டுரையின் ஓரத்தில் விவரங்களைச் சுருக்கிக் காட்டும் தகவற்பெட்டியில் ஒவ்வொரு அளபுருவையும் (நிரப்பும் விவரத்தையும்) தனி வரியில் போடுங்கள். நீண்ட நேரம் ஒரே பகுதியில் உட்காரப்போகிறவர், வேலை நடக்கிறது என்ற வார்ப்புருவை (ஆயத்த அறிவிப்பை) மேலே ஒட்டிவிட்டு, எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்த வார்ப்புரு இரண்டு நாள் நின்றாலும் மற்றவர்கள் தயங்கி ஒதுங்கிவிடுவார்கள்.

முரண்பாட்டுத் திரை வந்துவிட்டால் பதற வேண்டாம். உங்கள் உரையை முதலில் ஒரு குறிப்பேட்டில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, மற்றவரின் பதிப்பை ஏற்று, அதில் உங்கள் மாற்றத்தை மறுபடி செய்யுங்கள். அவசரத்தில் தன் பதிப்பை மேலே போட்டுச் சேமித்தால் மற்றவரின் அரை மணி நேர உழைப்பு சத்தமில்லாமல் போகும். அவர் வரலாற்றைத் திறந்து பார்க்கும்வரை தெரியவும் தெரியாது.

வரலாற்றைப் பார்க்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். அங்கே காட்டும் எண் பைட்டுக் கணக்கு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். "கொ" போன்ற உயிர்மெய் இரண்டு குறியீடுகள், ஆக 6 பைட்டுகள். +3,000 என்று பச்சையில் தெரிந்தால் பெரிய பகுதி சேர்ந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது 1,000 குறியீடு, ஒரு நல்ல பத்தி அவ்வளவுதான். யார் எவ்வளவு எழுதினார் என்பதற்கு இந்த எண்ணை அளவுகோலாக வைக்காதீர்கள்.

பெயரும் விகுதியும்

தலைப்பைத் தமிழாக்கலாமா என்ற கேள்வி பேச்சுப் பக்கத்தில் கட்டாயம் எழும். "மண்வெட்டி வீரன்" என்று ஒருவர் முன்மொழிவார். கேமின் நாயகன் கையில் இருப்பது மண்வெட்டி இல்லை. மண்வெட்டியின் தகடு கைப்பிடிக்குக் குறுக்காக நிற்கும், நம் பக்கம் இழுத்துக் கொத்துவது. இவன் வைத்திருப்பது தகடு நேராக நீளும் கருவி, கட்டட வேலையில் சவல் என்று சொல்வது. அது நேராக இருப்பதால்தான் அவன் எகிறி, முனையைக் கீழே நீட்டி எதிரியின் தலைமேல் குதித்துக் குதித்துப் போக முடிகிறது. மண்வெட்டியால் அது ஆகாது. ஆட்டத்தின் முக்கிய அசைவே அந்தக் கருவியின் வடிவத்தில் இருக்கும்போது பெயரை மாற்றுவது பொருளை மாற்றுவதாகும். "ஷவல் நைட்" என்ற ஒலிபெயர்ப்பைத் தலைப்பாக்கி, கிரந்தம் தவிர்ப்பவர்கள் தேடுவதற்காக "சவல் நைட்" என்பதற்கும், ஆங்கில எழுத்துப் பெயருக்கும் வழிமாற்று அமைத்தால் யாருக்கும் குறையில்லை.

இந்த அசைவின் மூலத்தையும் எழுத வேண்டும். கீழ்நோக்கிக் குத்தும் அடி இரண்டாவது ஜெல்டா கேமில் இருந்தது. அதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்ததாக உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1989இல் கேப்காம் வெளியிட்ட டக்டேல்ஸில் ஸ்க்ரூஜ் மாமா கைத்தடியை ஊன்றிக் குதிப்பதும் இதன் உறவுதான். செத்தால் தங்கத்தில் ஒரு பங்கு பைகளாகச் செத்த இடத்திலேயே மிதப்பது, திரும்பிப் போய் எடுக்கலாம் என்பது, டார்க் சோல்ஸ் என்ற கேமின் வழி. இத்தகைய ஒப்பீடுகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று தேவை. விளையாடிப் பார்த்தாலே தெரிகிறதே என்று எழுதினால் அது நம் சொந்த ஆய்வு. கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை.

அடுத்தது வினைமுற்று. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இல்லாத சிக்கல் இது. தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்கவே "-ஆன்", "-ஆள்", "-ஆர்" என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மூன்று பேர் எழுதும் கட்டுரையில் ஒரு பத்தியில் ஷவல் நைட் "வந்தான்", அடுத்த பத்தியில் "வந்தார்" என்று இருந்தால் ஒட்டு வேலை பளிச்சென்று தெரியும். உண்மை மனிதர்களுக்கு "-ஆர்", கதைமாந்தருக்கு "-ஆன்/-ஆள்" என்று முதல் நாளிலேயே பேச்சுப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு முடியவில்லை. பின்னாளில் வந்த பதிப்பில் உடல் மாற்று முறை ஒன்று உண்டு. ஷவல் நைட், ஷீல்டு நைட், மந்திரக்காரி, எதிரி நைட்டுகள் ஆகியோரின் உருவத்தையும் அவர்களைக் குறிக்கும் சொற்களையும் ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாற்றலாம். கதைச் சுருக்கத்தை இயல்பு அமைப்பின்படி எழுதிவிட்டு, இந்த வசதியை ஆட்டமுறைப் பகுதியில் ஒரு வாக்கியமாகச் சொல்வது போதும்.

கதைச் சுருக்கம் நீளக் கூடாது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நிகழ்பட ஆட்டக் கட்டுரைகளில் கதைக்கு ஏறத்தாழ 700 சொல் மேல்வரம்பு. இந்தக் கதைக்குத் தமிழில் 250 சொல்லே தாராளம். விதியின் கோபுரத்தில் தன் துணையான ஷீல்டு நைட்டை இழந்து ஒதுங்கிப்போன ஷவல் நைட், கோபுரம் மறுபடி திறந்ததும் புறப்படுகிறான். வழியில் எட்டு நைட்டுகள், முடிவில் மந்திரக்காரி. மந்திரக்காரி யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிவை ஒளித்துவைப்பது கலைக்களஞ்சிய வழக்கமில்லை.

எண்களும் தேதிகளும்

கூட்டு நிதி விவரத்தில்தான் இரண்டு பேர் மாறி மாறித் திருத்திக்கொள்ளும் நிலை வரும். கிக்ஸ்டார்ட்டரில் 2013 மார்ச் 14 அன்று தொடங்கினார்கள், இலக்கு 75,000 டாலர். ஏப்ரல் 13 அன்று முடிந்தபோது அந்தப் பக்கம் காட்டும் தொகை 3,11,502 டாலர். இன்னொரு சான்றில் 3,28,682 என்று இருக்கும். இரண்டும் சரி. பின்னது பேபால் வழியாக வந்ததையும் சேர்த்த மொத்தம். ஒன்றை அழித்து மற்றொன்றைப் போடுவதால் தீராது. எது எதன் கணக்கு என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில், தனித்தனி மேற்கோளோடு எழுதினால் திருத்தப்போர் அன்றோடு நிற்கும். காற்புள்ளி இடும் முறையையும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் லட்சக் கணக்கிலும் இன்னொருவர் மில்லியன் கணக்கிலும் பிரித்தால் ஒரே பத்தியில் இரண்டு விதம் வரும்.

தேதியில் கவனிக்க வேண்டியது, எந்த நாடு, எந்தக் கருவி என்பது. 2014 ஜூன் 26 வட அமெரிக்க நாள். ஐரோப்பாவில் நின்டெண்டோ கருவிகளுக்கு அதே ஆண்டு நவம்பர் 5. பிளேஸ்டேஷனுக்கு 2015 ஏப்ரல் 21, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு ஏப்ரல் 29, ஸ்விட்சுக்கு 2017 மார்ச் 3. தகவற்பெட்டியில் ஒரே ஒரு தேதியைப் போட்டுவிட்டுக் கருவிகளை எல்லாம் அடுக்கினால், ஸ்விட்ச் வெளிவருவதற்கு முன்பே அதில் ஆடியதாக ஆகிவிடும்.

பெயர் மாற்றம் இன்னும் நுட்பமானது. 2014இல் வந்தது வெறும் "ஷவல் நைட்". பின்னர் பிளேக் நைட்டை நாயகனாக்கிய பகுதி 2015 செப்டம்பரிலும், ஸ்பெக்டர் நைட்டின் பகுதி 2017 மார்ச்சிலும், கிங் நைட்டின் பகுதியும் பலர் சேர்ந்து மோதும் ஷோடவுனும் 2019 டிசம்பர் 10 அன்றும் வந்தன. இடையில் 2017இல் முழுத் தொகுப்புக்கு "டிரெஷர் ட்ரோவ்" என்று பெயர் வைத்து, முதலில் வந்த பகுதிக்கு "ஷவல் ஆஃப் ஹோப்" என்ற புதுப்பெயர் கொடுத்தார்கள். இதனால் 2014இன் விமர்சனம் புகழ்வது ஒரு பகுதியை. 2019இன் விமர்சனம் பேசுவது நான்கைந்தின் தொகுப்பை. வரவேற்புப் பகுதியில் இரண்டையும் கலந்து "நான்கு கதைகளும் கொண்ட இந்த ஆட்டம் 2014இல் பாராட்டப்பட்டது" என்று எழுதினால் காலம் குழம்பும். ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஆண்டைச் சொல்லிவிடுங்கள். 2014இன் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த தற்சார்பு ஆட்டம் என்ற விருது கிடைத்தது அந்த முதல் பகுதிக்கே.

சான்று தேடல்

ஐஜிஎன், யூரோகேமர், கேம்ஸ்பாட், எட்ஜ் போன்றவற்றின் விமர்சனங்களை நம்பலாம். ரசிகர் விக்கிகள், கேம்எஃப்ஏக்யூஸ், மோபிகேம்ஸ் போன்று யார் வேண்டுமானாலும் நிரப்பும் தளங்கள் வேண்டாம். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் விமர்சகர் சராசரியை எடுக்கலாம், பயனர் சராசரியை எடுக்கக் கூடாது. விமர்சனங்களை "இந்தத் தளம் இப்படிச் சொன்னது, அந்தத் தளம் அப்படிச் சொன்னது" என்று வரிசை கட்டாமல், கட்டுப்பாடு, கடினம், இசை என்று பொருள்வாரியாகக் கோத்தால் வாசிக்க முடியும்.

பழைய இணைப்புகள் உடைந்திருக்கும். கேமசூத்ரா 2021இல் கேம் டெவலப்பர் என்று பெயர் மாறியது. 2014இல் இருந்த ஜாய்ஸ்டிக் 2015 தொடக்கத்தில் மூடப்பட்டது. கேம்டிரெய்லர்ஸ் 2016இல் நின்றது. 3டிஎஸ், வீ யூ இணையக் கடைகளில் 2023 மார்ச் 27க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது, ஆகவே அந்தக் கடைப் பக்கங்களை வெளியீட்டுத் தேதிக்குச் சான்றாக நம்பியிருக்க முடியாது. மேற்கோள் போடும் அன்றே வேபேக் காப்பகத்தில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காப்பக முகவரியையும் காப்பகத் தேதியையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு கிடைக்காது.

முன்பு சொன்ன இரண்டாவது கேடு இங்கேதான். காட்சித் தொகுப்பியில் ஒரு மேற்கோளை இரண்டாம் முறை பயன்படுத்தினால் அது தானாக அதற்கு ":0" என்று பெயர் வைக்கும், அடுத்ததற்கு ":1". மூன்று பேரின் தனி வரைவிலும் ஒரு ":0" இருக்கும், மூன்றும் மூன்று வெவ்வேறு சான்றுகள். ஒன்றாக ஒட்டினால், ஒரே பெயர் வெவ்வேறு உள்ளடக்கத்தோடு இருக்கிறது என்று சிவப்பில் பிழை காட்டும். காட்டினால் நல்லது. ஒட்டிய பகுதியில் ":0" என்ற அழைப்பு மட்டும் வந்து அதன் முழு மேற்கோள் விடுபட்டிருந்தால் பிழையே வராது. அந்த வாக்கியம் வேறொருவரின் சான்றைத் தன் சான்றாகக் காட்டிக்கொண்டு அமைதியாக நிற்கும். இசை பற்றிய வரிக்குக் கிக்ஸ்டார்ட்டர் செய்தி சான்றாக நிற்பது இப்படித்தான். மூலத்தைத் திறந்து ":0" எல்லாவற்றையும் தேடி, "டி'ஏஞ்சலோ-2014", "யூரோகேமர்-விமர்சனம்" என்று பொருள் விளங்கும் பெயராக மாற்றுங்கள். மேற்கோள்களைப் பத்திக்குள் திணிக்காமல் அடியில் மேற்கோள்கள் பகுதியில் மொத்தமாக வரையறுத்தால் பத்தியும் படிக்கத் தெளிவாக இருக்கும், முரண்பாடும் குறையும்.

மேற்கோளில் தேதியை 2014-06-26 என்ற வடிவில் இடுங்கள். முகவரியிலிருந்து தானாக நிரப்பும் கருவி சில சமயம் ஆங்கில மாதப் பெயரோடு கொண்டுவரும், ஆசிரியர் பெயரையும் தாறுமாறாகப் பிரிக்கும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்காமல் சேமிக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்புக் கருவியோடு

ஆங்கிலக் கட்டுரையை உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியில் திறந்து தொடங்குவதில் தவறில்லை. கணினி தந்ததைத் திருத்தாமல் விட்டால் கருவியே எச்சரிக்கும். ஆனால் எச்சரிக்கை வராத அளவுக்குத் திருத்தினால் போதும் என்று நினைத்தால் கேம் கட்டுரைகளில் மாட்டிக்கொள்வோம். கன்சோல் "ஆறுதல்" ஆகும். வேறு கருவிக்கு மாற்றி வெளியிடும் போர்ட் "துறைமுகம்" ஆகும். நிலையின் முடிவில் வரும் பாஸ் "முதலாளி" ஆவார். ஸ்கோர் என்பது இசையா, புள்ளியா என்று கருவிக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விடத் தொல்லை பிளாட்ஃபார்ம். ஒரே கட்டுரையில் அது ஆடும் கருவியையும் குறிக்கும், தாவி ஏறும் மேடையையும் குறிக்கும், ஆட்ட வகையையும் குறிக்கும். மொழிபெயர்ப்புக் கருவி மூன்றையும் "இயங்குதளம்" ஆக்கிவிடும். கணினி இயங்குதளத்தில் தாவிக் குதிப்பதுபோல் வாக்கியம் வரும். கருவி, மேடை, பிளாட்ஃபார்மர் என்று மூன்று சொல்லாக முன்கூட்டியே பிரித்துப் பேச்சுப் பக்கத்தில் சிறு சொற்பட்டியலாக வையுங்கள். பிளாட்ஃபார்மர் முதலில் வரும் இடத்தில் "மேடைக்கு மேடை தாவிச் செல்லும் ஆட்டவகை" என்று ஒரு விளக்கம் போதும். ஆங்கிலக் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தால் எந்தப் பதிப்பிலிருந்து என்பதைச் சேமிக்கும்போது சுருக்கத்தில் குறிப்பிடுங்கள். உரிமம் அதைக் கேட்கிறது.

திரைக்காட்சி

இந்தக் கட்டுரைக்குத் திரைக்காட்சி ஒன்று கட்டாயம் வேண்டும், தோற்றமே பேசுபொருள் என்பதால். பதிப்புரிமையுள்ள படம் விக்கிமீடியா பொதுவகத்துக்குப் போகாது. நியாயப் பயன்பாட்டின் கீழ், காரணம் எழுதி, கட்டுரை இருக்கும் விக்கிப்பீடியாவிலேயே ஏற்ற வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல்படி இத்தகைய படம் சுமார் 1,00,000 படவணுக்களுக்குள் இருக்க வேண்டும். வேறு கேமாக இருந்தால் படத்தைச் சிறிதாக்கும்போது விவரம் அழியும். இங்கே 400ஐ 240ஆல் பெருக்கினால் 96,000. கேமின் இயல்பான அளவே வரம்புக்குள் அடங்கிவிடுகிறது!

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவே. 1080 வரி உயரத்தில் எடுத்த படமாக இருந்தால் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வெட்டுங்கள். கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் அளவு மாற்றும்போது இடைச்செருகல் என்ற இடத்தில் "எதுவுமில்லை" என்று தேர்ந்து 400×240 ஆக்குங்கள். வழக்கமான மென்மையாக்கும் முறையில் விட்டால், 1080ஐ 240ஆல் வகுக்க 4.5 வருவதால், ஒவ்வொரு கேம் படவணுவின் ஓரமும் பக்கத்து நிறத்தோடு கலந்து, கவசத்தின் நீலம் சேறாகும். சேமிப்பது பிஎன்ஜியாக, ஜேபெக் வேண்டாம். கட்டுரையில் இடும்போது அகலம் 400 என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மீடியாவிக்கி தானாகச் சுருக்கி, நீங்கள் தவிர்த்த அதே மங்கலைத் திரும்பக் கொண்டுவரும்.

பெயர்வெளிக்கு நகர்த்தியபின்

நகர்த்தியதும் பகுப்புகளைச் சேர்த்து, விக்கித்தரவில் உரிய உருப்படியோடு இணையுங்கள். அங்கே முதல் ஆட்டத்துக்கும் துணைப் பகுதிகளுக்கும் தனி உருப்படிகள் இருந்தால் எதனோடு இணைக்கிறோம் என்று பார்த்து இணைக்க வேண்டும். மூவரும் கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். பிற கேம்களில் ஷவல் நைட் தலைகாட்டிய பட்டியல்தான் முதலில் வீங்கத் தொடங்கும், ஏனென்றால் இவன் வந்துபோன கேம்கள் மிகப் பல. 2018இன் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் உதவிப் பாத்திரமாக வந்தது போல், வெளிச்சான்று பேசியவற்றை மட்டும் வைத்து, மற்றதைச் சேர்த்தவரிடம் பேச்சுப் பக்கத்தில் சான்று கேளுங்கள். மறுபேச்சின்றி நீக்கினால் அவர் திரும்பச் சேர்ப்பார். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரலாம் என்பது விதி. எந்த விக்கியிலும் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போகாமல் இருப்பது நல்லது. புதிதாக வந்து சேர்த்தவர் பெரும்பாலும் இந்த கேமை நேசிப்பவர். சான்று தேடும் விதத்தைக் காட்டினால் நான்காவது ஆளாகக் கூட வேலை செய்வார்.

முதல் வரியை யாராவது "8-பிட் கேம்" என்று திரும்ப மாற்றுவார்கள், நல்லெண்ணத்தோடுதான். மூலத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் வாசகருக்குத் தெரியாத குறிப்பாக "மாற்றுமுன் பேச்சுப் பக்கம் பார்க்கவும்" என்று எழுதி, பேச்சுப் பக்கத்தில் 256×240, 400×240, ஸ்பிரைட், விஆர்சி6 ஆகியவற்றைச் சான்றோடு ஒரே இடத்தில் வைத்திருங்கள். இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். கைப்பேசியில் தேடும்போது தலைப்பின் கீழ் தெரியும் ஒற்றை வரி விக்கித்தரவின் தமிழ் விளக்கத்திலிருந்து வரக்கூடியது. கட்டுரையைத் திருத்தினாலும் அது மாறாது. அங்கே "2014 நிகழ்பட ஆட்டம்" என்று இருந்தால் போதும்.